எட்டு வாரத்துக்கு ஒரே மை

வெள்ளிக்கிழமை விடிந்ததே வாக்குவாதத்தோடுதான். பால் காய்வதற்குள் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

"இன்னிக்காவது அந்த மாத்திரைக்கு ஒரு முடிவு கட்டிட்டு வாங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "புள்ளை வாயில ஒண்ணும் வைக்கிறதில்ல. மத்தியான டப்பா போன மாதிரியே திரும்பி வருது. கழுவி வைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?"

"அக்கா, மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தான் ஸ்கூல்ல இருந்து போன் வர்றதே நின்னுருக்கு," என்றான் தம்பி, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "என்னைக் கேட்டா மாத்திரை மட்டும் போதும். அட்டவணை போடறது, நட்சத்திரம் ஒட்டறது, தட்டிக் குடுக்கறது, இதெல்லாம் வேலை மெனக்கெட்ட வேலை."

"உனக்கென்ன, பட்டனை அமுக்கினா எல்லாம் மேல போயிடணும்."

லிஃப்ட் மெக்கானிக்கிடம் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அவன் சிரித்துவிட்டான். அக்காவும் தம்பியும் எப்படிச் சண்டை போட்டாலும் ஒரு நிமிஷத்தில் ராசியாகிவிடுவார்கள். நடுவில் கிடந்து அல்லாடுவது அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான்.

அவள் பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் பொருத்தும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர் கொண்டுவரும் துண்டுத் தகரத்தின் நிறத்தை அச்சு அசலாகக் கலந்து கொடுக்க வேண்டும். பதினோரு வருஷமாக அதே வேலை. அங்கே அவளுக்குக் கலர்க்காரி என்று பட்டம், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

இத்தனை பேச்சும் யாரைப் பற்றியோ அந்த ஆள் மேஜைக்கு அடியில் இருந்தாள். அப்பாவின் கருவிப் பையிலிருந்து எடுத்த ஸ்க்ரூ டிரைவரால் அத்தையின் நாற்காலியை மும்முரமாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கலர்க்காரி குனிந்து, மகளின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "கடுகு, அதை அப்பா கையில குடு."

குடுத்தாள். இரண்டு மாதம் முன்பு என்றால் அம்மா அடுப்படியிலிருந்தே ஏழெட்டு முறை கத்தியிருப்பாள். ஒன்றும் நடந்திருக்காது.

"அத்தை, ஆடாம உக்காருங்க," என்றாள் கடுகு வெளியே வந்து. "உங்க நாற்காலில இப்ப ரெண்டு ஸ்க்ரூதான் இருக்கு."

இந்த வாரம்தான் கதையைக் கையில் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். கடுகுக்கு எட்டு வயது. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி ஓரிடத்தில் நிற்காதவள் என்பதால் அந்தப் பெயர். வகுப்பில் எழுந்து நடக்கிறாள், கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறாள், வாரத்துக்கு ஒரு பென்சில் பெட்டியைத் தொலைக்கிறாள் என்று பள்ளியிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். திமிர் என்றார்கள், வளர்ப்பு சரியில்லை என்றார்கள். கடைசியில் குழந்தைகள் மனநல டாக்டர் ஒருவர்தான் கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பேர் சொல்லி, திமிரும் இல்லை, வளர்ப்பும் இல்லை என்று முடித்தார்.

பெயர் தெரிந்ததும் வீடு இரண்டாகப் பிளந்தது. அப்பா மாத்திரைக் கட்சி. அத்தை மாத்திரை எதிர்ப்புக் கட்சி. அம்மாவோ, எது வேலை செய்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கட்சியிலும் சேர மாட்டேன் என்றாள். டாக்டருக்கு அது பிடித்துப்போனது.

"முதல் நாலு வாரம் மாத்திரை வேண்டாம். வீட்லயும் வகுப்புலயும் முறைய மாத்துங்க," என்றார். "ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு வேலை சொல்லுங்க. செஞ்ச உடனே பாராட்டுங்க. வகுப்புல முன்னாடி உக்கார வைக்கச் சொல்லியும், நடுவுல எழுந்து நடக்க விடச் சொல்லியும் ஸ்கூலுக்கு நான் எழுதித் தர்றேன். அடுத்த நாலு வாரம் இதெல்லாத்தோட காலைல ஒரு மாத்திரையும். வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் ஒரு தாள், அம்மா ஒரு தாள், அப்பா ஒரு தாள் எழுதணும். பதினெட்டுக் கேள்வி, பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் மார்க். ஒருத்தர் எழுதறத இன்னொருத்தர் பாக்கக் கூடாது. எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணலாம்."

அந்த எட்டு வாரம் நேற்றோடு முடிந்தது. இன்று மாலை நாலு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். போன வாரம் தலைமையாசிரியை அனுப்பிய கடிதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வைத்தியம் பலன் தருகிறது என்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கடுகுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளும் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன.

"இந்தா, என் பங்கு," என்று லிஃப்ட்காரன் ஓர் உறையை நீட்டினான். நன்றாகப் பசை தடவி ஒட்டியிருந்தது. "நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு நேரா வந்துடறேன்."

இன்னோர் உறை பள்ளி அலுவலகத்தில் கிடைத்தது. மகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு வந்து கேட்டபோது குமாஸ்தா அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தாள்.

"டாக்டர்கிட்ட குடுத்துடுங்க. நீங்க பாக்க வேணாம்."

பார்க்க வேண்டாம் என்றால் ஒட்டிக் கொடுத்திருக்க வேண்டாமா? வாயைத் திறந்தபடி இருந்தது அந்த உறை.

கலர்க்காரி நேர்மையானவள்தான். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அதைத் தொடவில்லை. ஆனால் பெற்ற வயிறு எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? எல்லோரும் சாப்பிடப் போன பிறகு எட்டுத் தாள்களையும் வெளியே எடுத்தாள்.

முதல் வாரம், பதினெட்டுக் கேள்விக்கும் மூன்று. மூன்று என்றால் 'மிக அதிகம்'. இரண்டாம் வாரமும் மூன்று. மாத்திரை தொடங்கிய ஐந்தாம் வாரமும் மூன்று. எட்டாம் வாரமும் மூன்று. கீழே ஒரு குறிப்பு: 'இரு முறைகளாலும் எவ்விதப் பலனும் இல்லை.'

அவளுக்கு முதலில் தன் மீதுதான் சந்தேகம் வந்தது. வீட்டில் நான் பார்த்ததெல்லாம் என் ஆசையா? இருபது நிமிஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டாளே, அது பிரமையா? பள்ளியிலிருந்து போன் வருவது நின்றதே, அதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம்தான் மையைப் பார்த்தாள்.

நீலக் கறுப்பு ஜெல் பேனா. முதல் தாளில் தடிமனாக, ஈரம் சொட்டுகிற மாதிரி இருந்தது. மூன்றாம் தாளில் கொஞ்சம் வெளிறி, ஆறாம் தாளில் விட்டு விட்டு ஓடியது. எட்டாம் தாளின் ஓரத்தில் மை வரவழைக்க நாலு கிறுக்கல். கடைசி மூன்று பாதியோடு நின்று, மறுபடி அழுத்தி எழுதப்பட்டிருந்தது.

நிறம் பொருத்தும் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதிவைத்து, அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். சாப்பிட்டுத் திரும்பிய பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டாள். தேதிகளைக் காகிதத்தால் மறைத்து, தாள்களைக் கலைத்து, விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். பகல் வெளிச்சம், குழல் விளக்கு, மஞ்சள் பல்பு என்று மூன்று விளக்கிலும் காட்டுகிற பெட்டி அது.

"கருமையில இருந்து வெளுப்பு வரைக்கும் வரிசையா அடுக்கு."

பக்கத்து மேஜைக்காரி அடுக்கினாள். மூன்று விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே பேனாதான். ஒரே மூச்சுல எழுதுனது. எதுக்குக் கேக்கற?"

கலர்க்காரி மறைப்பை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எட்டு வரை தேதி வரிசை பிசகவில்லை.

எட்டு வாரம் ஒரு குழந்தையைப் பார்த்து எழுத வேண்டியதை யாரோ ஒருத்தி ஒரே இருப்பில், ஒரு பேனா தீர்ந்துபோவதற்குள் எழுதி முடித்திருக்கிறாள். இந்தத் தாளை நம்பி டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். இந்தத் தாளைக் காட்டித்தான் திங்கட்கிழமை பெண்ணை வெளியே தள்ளுவார்கள். கேட்டால் வயிறு எரியுமா எரியாதா?

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பள்ளி விடுவதற்குக் கொஞ்சம் முன்பே வகுப்பு ஜன்னலுக்குப் போய்விட்டாள். உள்ளே நாற்பத்தாறு தலைகள். முன் வரிசையில் மகளைத் தேடினாள். காணோம். இரண்டாம் வரிசையில் இல்லை. கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி, ஜன்னலையும் நடைபாதையையும் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள் கடுகு. பக்கத்தில் யாருமே இல்லை. ஆனாலும் கையில் பென்சில் இருந்தது, நோட்டுப் புத்தகத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். கடுகை விளையாட்டுத் திடலில் இருக்கச் சொல்லிவிட்டு, எல்லாத் தாள்களும் இருந்த ஃபைலை டீச்சரின் மேஜையில் வைத்தாள்.

"இத எப்ப எழுதினீங்க டீச்சர்?"

வகுப்பு டீச்சர் சின்ன வயசுக்காரி. காலையில் வாரிய தலை அவிழ்ந்து, தொண்டை கம்மியிருந்தது. "எதுங்க?"

"எட்டு வாரம், எட்டு வெள்ளிக்கிழமை. ஒரே பேனா. இங்க ஆரம்பிச்சு இங்க தீந்துபோச்சு. எனக்குக் கலர்தான் சோறு போடுது, என்கிட்ட மழுப்பாதீங்க."

டீச்சர் மழுப்பவில்லை. அதுவே கலர்க்காரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நேத்து மத்தியானம் எழுதினேன்," என்றாள். "ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, நாளைக்குக் காலைல உறை தயாரா இருக்கணும்னு சொன்னாங்க. என்ன எழுதணும்னும் சொன்னாங்க. வாரா வாரம் எழுதணும்னு ஆரம்பத்துலயே எனக்கு யாரும் தாளே குடுக்கல. அலுவலகத்துலயே கிடந்துருக்கு."

"அவள முன்னாடி உக்கார வைக்கச் சொல்லி டாக்டர் எழுதினது?"

"அது எதுவும் எனக்கு வரல."

"அப்ப எட்டு வாரமா கடைசி பெஞ்சு."

"மத்த பிள்ளைங்களோட அம்மாங்க சண்டைக்கு வர்றாங்க. நான் என்ன செய்யட்டும்? நாப்பத்தாறு பேர வச்சுக்கிட்டு."

"குடுக்காத வைத்தியம் பலிக்கலைன்னு கையெழுத்து போட்டுருக்கீங்க," என்றாள் கலர்க்காரி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அழுதிருப்பாள். "டீச்சரம்மா, ஒரு டப்பாவுல தப்புக் கலர் ஊத்துனா நாங்க அந்த டப்பாவத் தூக்கிப் போடுவோம். நீங்க தூக்கிப் போடறது ஒரு பிள்ளைய."

டீச்சரின் முகம் சிவந்தது. ஃபைலை மூடித் திருப்பிக் கொடுக்கப் போனாள். அவசரத்தில் லிஃப்ட்காரனின் உறை வழுக்கிக் கீழே விழுந்து, இவ்வளவு நேரம் வெயிலில் காய்ந்த பசை விட்டுப்போய், தாள்கள் தரையில் பரவின. இரண்டு பெண்களும் குனிந்தார்கள். டீச்சர் கையில் ஒன்று அகப்பட்டது. அடுத்தது, அதற்கடுத்தது. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் சிவப்பு இல்லை.

"இதையும் கொஞ்சம் விளக்குல வச்சுப் பாருங்க," என்றாள்.

விளக்கே வேண்டியிருக்கவில்லை. பதினெட்டுக் கேள்விக்கும் பூஜ்யம். பூஜ்யத்துக்கு மேல் பூஜ்யம், கோடு போட்ட மாதிரி. எட்டுத் தாளும் ஒரே கறுப்பு மை. ஒவ்வொன்றின் அடியிலும் லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதுகிற அதே வாசகம், அதே சாய்வான கையெழுத்து: 'சரிபார்க்கப்பட்டது. கோளாறு இல்லை.'

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. டாக்டர் உபரியாகக் கொடுத்திருந்த ஒன்பதாவது தாளையும் அந்த மனுஷன் விட்டுவைக்கவில்லை. அதில் போட்டிருந்தது அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமையின் தேதி.

"நான் முடிஞ்சுபோன வாரத்துக்குத்தான் எழுதினேன்," என்றாள் டீச்சர். "உங்க வீட்டுக்காரர் இன்னும் வராத வாரத்துக்கும் எழுதிட்டார்."

வந்த வேகம் என்ன, பேசிய பேச்சு என்ன. கலர்க்காரி தாள்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லிஃப்ட்காரன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். கடுகு அவனை ஒரு முறை கட்டிப் பிடித்துவிட்டு மாடிப்படியை எண்ண ஓடிவிட்டாள்.

கலர்க்காரி ஒன்பதாவது தாளை அவன் மடியில் வைத்தாள். அவனுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வேலைல இப்படித்தான் எழுதுவோம்," என்றான். "மாசத்துக்கு மொத்தமா போட்டு வச்சுடுவோம். பழக்க தோஷம்."

"இவ லிஃப்டாங்க?"

"நல்லதுதானே எழுதிருக்கேன். பூஜ்யம்னா கோளாறு இல்லைன்னு அர்த்தம்."

"டீச்சர் பாக்காம மூணு போட்டா. நீங்க பாக்காம பூஜ்யம் போட்டீங்க. என்னங்க வித்தியாசம்? அவளாவது நாப்பத்தாறு பேர வச்சுக்கிட்டுப் போட்டா. உங்களுக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

அவன் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பூட்ஸ் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"முதல் வாரம் உக்காந்தேன்," என்றான். "பேனாவும் கையுமா உக்காந்தேன். 'சொன்னதைக் கேட்பதில்லை, எத்தனை?' 'பொருட்களைத் தொலைக்கிறாள், எத்தனை?' கை வரல. நான் ஆறாவது படிக்கறப்ப எங்க வாத்தியார் என் நோட்டுல எழுதினது இன்னும் அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு. என் பொண்ணுக்கு நானே எப்படி எழுதுவேன்?"

இந்தப் பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. அவளுக்கு மனசு இளகியது உண்மை. ஆனால் கோபமும் போகவில்லை, அதுவும் உண்மை. இதை முதல் வாரமே சொல்லியிருந்தால் வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாமே. எட்டு வாரம் அவளை ஏமாளியாக்கிவிட்டு இப்போது வாத்தியார் கதை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரின் மேஜையில் மூன்று கட்டையும் அவளே பிரித்து வைத்தாள். "இது பொய். இதுவும் பொய். இது நான் எழுதினது. பள்ளிக்கூடத்துல நீங்க சொன்ன எதையும் செய்யவே இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். ஒன்பதாவது தாளில் மட்டும் ஒரு கணம் நின்று லிஃப்ட்காரனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

"திங்கக்கிழமைக்கு லெட்டர் வேணும் டாக்டர்."

"எத வச்சு எழுதட்டும்மா? நீங்க ஒருத்தர் சொன்னீங்கன்னு எழுதினா, அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா இந்த எட்டுத் தாளையும் என் முன்னாடி நீட்டுவாங்க. ஒப்பிட்டுப் பாக்கலாம்னுதான் இத்தனையும் ஆரம்பிச்சோம். ஒப்பிட ரெண்டு பக்கமும் உண்மை வேணுமே. முதல்லேருந்து மறுபடியும் எட்டு வாரம்..."

"எட்டு நாள்கூட வச்சுக்க மாட்டாங்க."

டாக்டரின் சுழல் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த கடுகு தலையை நீட்டினாள்.

"டாக்டர், என் பேப்பர் வேணாமா?"

"எந்த பேப்பர்டா?"

"நீங்க குடுத்தது. மூஞ்சி பேப்பர்."

டாக்டருக்கே யோசித்துத்தான் நினைவு வந்தது. முதல் நாள் பெரியவர்கள் பேசி முடிக்கும் வரை சும்மா இருக்கட்டும் என்று வட்ட வட்டமாக முகங்கள் அச்சடித்த தாள் ஒன்றை அவளிடம் கொடுத்திருந்தார். தினமும் ஒரு முகம், மேல் பாதி பள்ளிக்கூடம், கீழ்ப் பாதி வீடு, லீவு நாள்ல கீழ்ப் பாதி மட்டும், நல்லா இருந்தா பச்சை, நல்லா இல்லேன்னா சிவப்பு என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு யாரும் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை.

கடுகு பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். மூடி போன பேனா, ஒற்றைக் காலுறை, இரண்டு ஸ்க்ரூ, எட்டாக மடித்து ஓரம் கிழிந்த அந்தத் தாள். டாக்டர் அதை மேஜையில் விரித்தார்.

ஐம்பத்தாறு முகங்கள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

கலர்க்காரி குனிந்து பார்த்தாள். அவளுக்கா தெரியாது? ஒரே நாளில் தீட்டியது இல்லை இது. முதல் வாரத்துப் பச்சை மெழுகுக் கிரேயான். அது தொலைந்திருக்க வேண்டும், இரண்டாம் வாரம் கலர் பென்சில். ஓரிடத்தில் வீட்டுத் தக்காளிச் சாஸைத் தொட்டு வைத்திருக்கிறாள், சிவப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது. நாற்பதாவது நாள் அழுத்தித் தீட்டியதில் தாளே ஓட்டையாகியிருந்தது. ஐந்து நிமிஷம் ஒரு வேலையில் நிற்க மாட்டாள் என்று எட்டுத் தாளில் எழுதப்பட்ட பெண், யாரும் ஞாபகப்படுத்தாமல், யாரும் பாராட்டாமல், இரண்டு மாதம் தினமும் இதைச் செய்திருக்கிறாள். படித்தவர்கள், பெற்றவர்கள், பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றிய இடத்தில் இவள் ஒருத்தி ஏமாற்றவில்லை. கலர்க்காரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. நானும்தான் இதைக் கேட்கவில்லை என்று நினைத்தபோது அது வழிந்தே விட்டது.

"பாருங்க," என்று டாக்டர் பேனா முனையால் காட்டினார். "முதல் நாலு வாரம் மேல் பாதி பூரா சிவப்பு. பள்ளிக்கூடத்துல ஒண்ணும் செய்யல, சரியாத்தான் இருக்கு. ஆனா கீழ்ப் பாதி? ரெண்டாவது வாரத்துலேருந்தே பச்சை வருது. அது நீங்க வீட்ல செஞ்சது. மாத்திரைக்கு முன்னாடியே."

லிஃப்ட்காரன் மனைவியைப் பார்த்தான். நட்சத்திரம் ஒட்டுவதை வேலை மெனக்கெட்ட வேலை என்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

"அஞ்சாவது வாரம் மாத்திரை வருது, மேல் பாதி பச்சையாகுது. கடைசி பெஞ்சுல இருந்தும் பச்சை. கீழ்ப் பாதில லேசா சிவப்பு ஓரம் தெரியுதே, அது சாயங்காலம் மாத்திரை இறங்கற நேரத்து எரிச்சல். மத்தியானம் பசியில்லாததும் மாத்திரையாலதான். நேரத்தையும் அளவையும் மாத்திப் பாக்கலாம். மாத்திரையா, முறையான்னு நீங்க ரெண்டு கட்சியா நின்னீங்க. இவளுக்கு ரெண்டும் வேலை செய்யுது, வேற வேற இடத்துல." அவர் கலர்க்காரியின் தாள்களைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். "அம்மா எழுதினதும் இதும் வாரத்துக்கு வாரம் ஒத்துப்போகுது. ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியாம. எனக்கு இது போதும். பள்ளிக்கூடம் தன் பங்கைத் தொடவே இல்லைன்னும் சேத்தே எழுதறேன்."

கடிதத் தாளை எடுத்துத் தேதி போட்டார். எழுத ஆரம்பித்தார்.

கலர்க்காரிக்கு மூச்சு வந்தது. திங்கட்கிழமை காலை அந்தத் தலைமையாசிரியையின் மேஜையில் இந்தக் கடிதத்தை எப்படி வைப்பது என்று மனசுக்குள் ஒத்திகைகூட நடந்தது. கண் மட்டும் பழக்கத்தில் மறுபடி அந்த முகங்களின் மேல் ஓடியது. மேல் பாதியில், மாத்திரை நாட்களின் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு. ஏழு முகம் தள்ளி இன்னொன்று. மறுபடி ஏழு தள்ளி. மறுபடி ஏழு.

நாலு சிவப்பும் ஒரே கிழமை.

புதன்கிழமைகளில் அவளுக்கு ஆறு மணி ஷிப்ட். கணவனுக்கும் அன்று விடிகாலையிலேயே ரயில் நிலையத்து லிஃப்ட்களைச் சரிபார்க்கப் போக வேண்டும். கடுகை எழுப்பி, பாலும் முட்டையும் கொடுத்து, மாத்திரையும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவது நாத்தனார்.

"கடுகு," என்றாள் கலர்க்காரி மெதுவாக. "புதன்கிழமையில மட்டும் ஏன்டா சிவப்பு?"

கடுகு சுற்றிக்கொண்டிருந்த நாற்காலியை விட்டாள். அப்பாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இரண்டு கையும் சும்மா தொங்கின. இவ்வளவு அசையாமல் அந்தப் பெண் நின்று யாரும் பார்த்ததில்லை.

"சொன்னா அத்தை அழுவாங்க," என்றாள்.

டாக்டர் பாதி எழுதிய கடிதத்தின் மேல் பேனாவை மூடி வைத்தார்.